இரண்டு விடை வரும் புதிர்கள்

எனக்குத் தட்டச்சில் பிழை வராது. அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மற்றவர்கள் அடித்த தாள்களை இன்னொருவர் உட்கார்ந்து சரிபார்த்த பிறகுதான் கையெழுத்துக்கு அனுப்புவார்கள். நான் அடித்தது நேராக மேலாளர் மேசைக்குப் போய்விடும். "ஒரு சொல் விட்டுப்போனது உன் கையிலா, அக்கா கையிலா?" என்று நேற்று நீங்கள் கேட்டிருந்தீர்கள். ஏதோ அவசரத்தில் விட்டுப்போயிருக்கும் என்று எழுதிவிட்டு நான் என் வேலையைப் பார்த்திருக்கலாம். நீங்களும் நம்பியிருப்பீர்கள். ஆனால் அதை மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், உளி அண்ணா. முதலிலிருந்து போனால்தான் எனக்குச் சொல்ல வரும். இன்று விடுமுறை. துணி துவைத்துக் காயப்போட்டாயிற்று. அக்கா உள்ளே படுத்திருக்கிறாள். அவள் எழுந்திருக்கும்வரை எனக்கு வேலை ஒன்றுமில்லை.

நம் புதிர்க் குழுவில் யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. கணக்கு டீச்சர், கண்டக்டர், பல் டாக்டர் என்று அவரவர் தொழிலே அங்கே பெயராகிவிட்டது. நீங்கள் தச்சர் என்பதால் உளி. அக்கா தையல்காரி, அவளுக்குக் கத்தரி என்று நீங்கள்தான் பெயர் வைத்தீர்கள். என்னைக் குழுவில் சேர்த்தபோது அவள் "இது என் தங்கச்சி" என்று எழுதினாள். அன்றிலிருந்து நான் எல்லாருக்கும் தங்கச்சி. கண்டக்டருக்கு என் அப்பா வயது இருக்கும், அவருக்கும் நான் தங்கச்சிதான். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை, சும்மா சொல்கிறேன்.

குழுவின் விதிகள் எனக்குப் பிடித்திருந்தன. வேறு எங்கிருந்தும் எடுத்துப் போடக்கூடாது, சொந்தமாகச் செய்த புதிராக இருக்க வேண்டும். விடை ஒன்றே ஒன்றுதான் வர வேண்டும். போடுவதற்கு முன் இன்னொருவர் போட்டுப் பார்த்திருக்க வேண்டும், சோதித்தவர் பெயரும் கீழே இருக்க வேண்டும். விடை தெரிந்தவர்கள் "கிடைச்சாச்சு" என்று மட்டும் எழுதிவிட்டு, அடுத்த வாரம்வரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். வீட்டில் எதுவும் ஒரு ஒழுங்கில் இல்லாதவர்களுக்கு இப்படி ஓர் இடம் கிடைத்தால் விடமாட்டார்கள். நானும் விடவில்லை.

எனக்குச் சொற்புதிர்தான் வரும். எழுத்துகளைக் கலைத்துப் போடுவது, குறுக்கெழுத்து, இந்த மாதிரி. போட்டால் நாலு பேர் "நல்லா இருக்கு தங்கச்சி" என்பார்கள். அக்காவுடையது தர்க்கப் புதிர். யார் எங்கே நிற்கிறார், யார் எந்தச் சாவியை வைத்திருக்கிறார் என்று அவள் போட்டால் பல் டாக்டர் நோயாளியைக் காக்க வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். பொறாமையா என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அந்தக் கோணத்தில் யோசித்துப் பார்த்தேன். இல்லை என்றுதான் தோன்றுகிறது.

அவள் புதிர் செய்கிற விதத்தைச் சொல்ல வேண்டும், அதில்தான் விஷயமே இருக்கிறது. கடையில் பழுப்புத் தாளில் அளவு வரைந்து, அந்தத் தாளை வெட்டித் துணிமேல் வைத்துக் கத்தரிப்பாள். அந்தத் தாளின் மூலையில்தான் பென்சிலால் புதிரையும் எழுதுவாள். இஸ்திரிப்பெட்டி சூடாகும் நேரத்தில் ஒரு வரி, நூல் மாற்றும் நேரத்தில் ஒரு வரி. வீட்டுக்குக் கொண்டுவந்து, "ஏய், இதப் போட்டுப் பாத்துட்டு அடிச்சு அனுப்பிடு" என்று என்னிடம் நீட்டுவாள். கைப்பேசியில் தமிழ் அடிக்க அவளுக்குப் பொறுமை கிடையாது. நான் போட்டுப் பார்த்து, அடித்து, "சோதித்தது: தங்கச்சி" என்று கீழே போட்டு அனுப்புவேன். மறுநாள் அந்தத் தாள் யாருடைய சட்டைக்கையாகவோ கழுத்துப்பட்டையாகவோ வெட்டுப்பட்டுவிடும். அவள் எழுதியது என்ன என்று திரும்பிப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

அடுத்து அம்மாவைப் பற்றி. குழுவில் நாங்கள் அதிகம் சொன்னதில்லை. அம்மாவுக்கு மறதி நோய். சொன்னதையே சொல்வதில் ஆரம்பித்து, சீப்பைக் கொண்டுபோய்க் குளிர்பெட்டியில் வைப்பது, என்னைப் பார்த்து "நீங்க யாரு வீட்டுப் பொண்ணு?" என்று மரியாதையாகக் கேட்பது என்று வளர்ந்து, கடைசியில் படுக்கையோடு முடங்கிவிட்டாள். நல்ல கனமான உடம்பு. படுத்தபடியே இருந்தால் முதுகில் புண் வைத்துவிடும் என்பதால் அடிக்கடி புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தோள்பக்கம் ஒருத்தி, இடுப்புப்பக்கம் ஒருத்தி. ஒரு ஆளால் ஆகிற காரியமில்லை. பகலில் பக்கத்து வீட்டு அம்மாள் வந்து பார்த்துக்கொள்வார், மற்ற நேரமெல்லாம் நாங்கள்தான். எங்களுக்கு வேறு பேச்சே இல்லாமல் போயிற்று. "தூக்கு." "ம்." "மெதுவா." "ம்." அவ்வளவுதான்.

அக்கா அம்மாவின் அச்சு. நெற்றி, கை, நடை, தும்மல்கூட. பார்க்கிறவர்கள் எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள், அவள் முகம் சுருங்குவதை யாரும் கவனிக்கமாட்டார்கள். அம்மாவுக்குத் தலைவாரிவிடும்போது ஒருநாள் என்னிடம் கேட்டாள்.

"நானும் இப்படித்தான் ஆவேன், இல்ல?"

"லூசு மாதிரி பேசாதக்கா."

"இல்லடி. நான் எதுக்கு இந்தப் புதிரெல்லாம் செய்யறேன்னு நெனச்ச? பொழுது போகாமலா? அது சரியா வர்ற வரைக்கும் நான் சரியா இருக்கேன்னு அர்த்தம். என்னைக்கு என் புதிர்ல தப்பு வருதோ அன்னைக்குத் தெரிஞ்சுக்கலாம்."

இதை அவள் உங்களிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டாள். என்னிடம் மட்டும்தான் சொன்னாள்.

பிறகு நீங்கள் அவளுடன் தனியாகப் பேச ஆரம்பித்தீர்கள். அவள் மறைக்கவில்லை. இடுப்பு உயரம் கேட்டீர்களாம், எதற்கென்று சொல்லவில்லையாம். பிறகு ஒரு மேசையின் படம் வந்தது. அவள் குனியாமல் நின்று துணி வெட்டுவதற்கென்று அவள் உயரத்துக்கே செய்த மேசை, உங்கள் பட்டறைக்கு மேல் அறையில், ஜன்னலோரத்தில். அந்தப் படத்தை அக்கா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். இழைப்பு எவ்வளவு சுத்தம் பார் என்று என்னிடம் காட்டினாள். அத்தனை வருஷமும் முதுகு வலிக்க வலிக்கக் குனிந்து வெட்டியவள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து நாளாகியிருந்தது.

அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் பேசிவிட்டாள். அவள் எதையும் பாதியில் விடுகிறவள் இல்லை.

"உன் தலையில கட்டிட்டு ஓடறேன்னு நெனச்சுக்காத. அவங்க வீட்ல கீழ ஒரு ரூம் இருக்கு, அம்மாவை அங்க கொண்டுவந்துடலாம்னு அவரே சொல்றாரு. இல்லையா, இங்கயே முழுநேரத்துக்கு ஒரு ஆளப் போடலாம். நீயும் கொஞ்சம் மூச்சு விடணும்டி. பாரு உன் மூஞ்சிய."

"நல்ல யோசனைதான்கா" என்றேன். உண்மையிலேயே நல்ல யோசனைதான். அதில் ஒரு குறையும் நான் கண்டுபிடிக்கவில்லை. அன்றைக்கு நான் ரொம்பக் களைத்திருந்தேன், அதைத் தவிர வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை. அம்மாவும் போய், அக்காவும் போய், வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் வீடு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். நினைக்கவே அலுப்பாக இருந்தது.

அந்த வாரம் அவள் தந்தது சாவிக் கொத்துப் புதிர். அதை விளக்கினால் நீளும், அதனால் சின்னதாக ஒன்று சொல்கிறேன். நாலு பேர் வரிசையில் நிற்கிறார்கள்: ஆசிரியை, ஓட்டுநர், நர்ஸ், கொத்தனார். கொத்தனார் கடைசியில் நிற்கிறார். ஆசிரியை முதலில் இல்லை. ஓட்டுநர் நர்ஸுக்கு நேர் பின்னால் நிற்கிறார். இதற்கு விடை ஒன்றுதான்: நர்ஸ், ஓட்டுநர், ஆசிரியை, கொத்தனார். இதில் "நேர்" என்பதை எடுத்துவிட்டு வெறும் "பின்னால்" என்று போடுங்கள். இப்போது ஆசிரியை நடுவில் புகுந்துகொள்ளலாம். இரண்டு விடை வந்துவிடும். புதிர் செத்தது.

சாவிக் கொத்துப் புதிரிலும் நான் இவ்வளவுதான் செய்தேன். ஒரு சொல். சும்மா செய்து பார்த்தேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆனால் அனுப்பும் பொத்தானைத் தொடும்வரை எனக்கே நிச்சயமில்லை. தொட்ட பிறகு எழுந்துபோய் அம்மாவுக்குப் பால் ஆற்றினேன்.

மறுநாள் பல் டாக்டர்தான் முதலில் எழுதினார், "கத்தரி, எனக்கு ரெண்டு விடை வருதே?" என்று. அக்கா அப்போது வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த ஒரு கோட்டுக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தாள். வாயில் வரிசையாகக் குண்டூசிகள். நான் கைப்பேசியை அவள் முன்னால் பிடித்தேன். படித்தாள். குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திண்டில் குத்தினாள்.

"நான் நேர்னு எழுதலயா?"

"நீ எழுதினததான்கா அடிச்சேன்."

"நீ போட்டுப் பாத்தியே."

"பாத்தேன். எனக்கும் தெரியாம போச்சு. ரெண்டு நாளா தூக்கமே இல்ல."

அவள் என் தலையைத் தடவிவிட்டாள். "விடு. என் தப்புக்கு நீ என்ன பண்ணுவ." குழுவிலும் எல்லாரும் என்மேல் பரிதாபப்பட்டார்கள். அந்தத் தாள் அதற்குள் வெட்டுப்பட்டு, கடைக் குப்பையோடு போயிருந்தது.

அடுத்த புதிரை அவள் நல்லபடியாகச் செய்தாள், நானும் நல்லபடியாக அனுப்பினேன். அவள் முகம் தெளிந்தது. அதற்கடுத்ததில் மறுபடி ஒரு சொல்லை எடுத்தேன். எல்லாவற்றிலும் கைவைத்தால் அவள் சந்தேகப்பட்டிருப்பாள். நடுவில் ஒன்று சரியாக வந்தால்தான், வராதபோது பயம் பிடிக்கும். இதை நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. புதிர் செய்து பழகியவர்களுக்குக் கை தானாக அப்படிப் போகும்.

நீங்கள் என்னைக் கண்டுபிடித்த விதத்தை நேற்றிலிருந்து பலமுறை படித்தேன். "மறதி வந்தவங்க தப்பு பல தினுசா இருக்கும். ஒரு நாள் ஆளையே விட்டுடுவாங்க, ஒரு நாள் ஒரே குறிப்ப ரெண்டு தடவ எழுதுவாங்க. கத்தரியோட தப்பு எல்லாம் ஒரே மாதிரி, ஒரு சொல்லச் சேர்த்தா சரியாயிடுது. இவ்வளவு சுத்தமா தப்பு பண்ண நல்லா யோசிக்கத் தெரியணும்." சரியாகச் சொன்னீர்கள். எந்தச் சொல்லை எடுத்தால் இரண்டே இரண்டு விடை வருமோ, அதைத் தேடிப் பிடித்துத்தான் எடுப்பேன். மூன்று விடை வந்தால் அசிங்கம். கன்னாபின்னாவென்று கெடுத்திருந்தால் நீங்கள் இன்றைக்கும் அக்காவின் தலைமேல்தான் பழியைப் போட்டிருப்பீர்கள். அப்படிக் கெடுக்க எனக்குக் கை வரவில்லை.

அக்கா உங்களோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். பிறகு அவளே டாக்டரிடம் போக வேண்டும் என்றாள். கூட்டிக்கொண்டு போனேன். கடிகாரம் வரையச் சொன்னார், சில சொற்களைச் சொல்லிக் கொஞ்சம் பொறுத்துத் திருப்பிக் கேட்டார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். முடிந்ததும் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டார். இந்த நோய்க்குக் கூட வந்தவர்களிடம்தான் பேசுவார்கள், அம்மாவின் விஷயத்திலும் அப்படித்தான்.

"உங்க அக்காவுக்கு ஒண்ணும் இல்லம்மா. நல்லா தெளிவா இருக்காங்க. தூக்கம்தான் பத்தல, பயந்துபோயிருக்காங்க. நீங்களே நல்லபடியா எடுத்துச் சொல்லுங்க" என்றார். தூக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

வெளியே வந்தேன். அக்கா நாற்காலி நுனியில், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் முகத்தையே பார்த்தாள். நான் பொய் எதுவும் சொல்லவில்லை, இதை நீங்கள் கவனிக்க வேண்டும். நான் ஒன்றுமே சொல்லவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

"சரி" என்றாள். பிறகு, "அம்மாவுக்கு ஆரம்பிச்சப்ப அவளுக்கு என் வயசுதான் இருக்கும், இல்ல?" என்றாள். தெரியவில்லை என்று சொன்னேன். வருகிற வழியில் மருந்துக்கடையில் அந்த மாத்திரையை வாங்கினோம்.

அன்றுதான் அவள் உங்களுக்கு அந்தச் செய்தியை அனுப்பினாள். அவள் வாயால் சொல்ல, நான் அடித்தேன். "நீங்க ஒரு மனைவியத் தேடறீங்க, ஒரு நோயாளிய இல்ல. அந்த மேசைய வேற யாருக்காவது குடுத்துடுங்க." அதில் ஒரு சொல்கூட என்னுடையது இல்லை. அப்படியே அடித்தேன். அடித்து முடித்ததும் குழுவிலிருந்து தன்னை எடுத்துவிடச் சொன்னாள், எடுத்துவிட்டேன். தன் கைப்பேசியையும் நீயே வைத்துக்கொள் என்று என்னிடம் கொடுத்துவிட்டாள். நீங்கள் அவளுக்கு எழுதியவை எல்லாம் என்னிடம்தான் வந்தன. அவளிடம் சொல்லவில்லை. எதற்கு மறுபடி மனதைக் கிளறிவிட வேண்டும்?

கடை வேலை போனதில் என் கை இல்லை. பயத்திலேயே அவள் அளவை நாலு தடவை சரிபார்க்க ஆரம்பித்தாள். சரிபார்த்துச் சரிபார்த்துக் குழம்பி, ஒரு கோட்டுக்கு இரண்டு இடது கைகளை வெட்டிவிட்டாள். கடைக்காரர் நல்ல மனுஷர், திட்டவில்லை. அவளே கத்தரியை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள். நானும்தான் அழுதேன். அவள் அழுததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

வீட்டில் இருக்க ஆரம்பித்ததும் அம்மாவைப் பார்த்துக்கொள்வது சுலபமாகிவிட்டது. தோளுக்கு ஒருத்தி, இடுப்புக்கு ஒருத்தி. பக்கத்து வீட்டு அம்மாளையும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டோம். நான் வேலையிலிருந்து வந்தால் விளக்கு எரியும், உள்ளே பேச்சுச் சத்தம் கேட்கும். அந்த நாட்களில் நான் நன்றாகத் தூங்கினேன்.

மழைக்காலத்தில் அம்மா போய்விட்டாள். தூக்கத்திலேயே, யாருக்கும் தொந்தரவில்லாமல். குழுவில் நான் சொல்லவில்லை. இப்போது உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன். அம்மா போனதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும், அக்காவிடம் டாக்டர் சொன்னதைச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணக்கு என்னிடம் இருந்தது. அந்தக் கணக்கு இப்போதும் இருக்கிறது. ஒவ்வொரு வாரமும் நினைப்பேன், வேலை முடிந்து வரும்போது அலுத்துப்போய்விடும்.

இனி இன்று காலை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அக்கா சீக்கிரம் எழுந்திருந்தாள். வெகுநாளைக்குப் பிறகு தலைவாரி, முகம் கழுவி, மாத்திரை அட்டைப்பெட்டியைப் பிரித்து அதன் உள்பக்கத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். நான் தேநீர் கொண்டுபோய் வைத்ததும் என்னிடம் நீட்டினாள். ஒரு புதிர். ஒரு பட்டறையில் ஆறு பேர், ஆறு கருவிகள். யாருடைய பட்டறை என்று அவள் சொல்லவில்லை.

"போட்டுப் பாரேன். அவசரமில்ல."

போட்டுப் பார்த்தேன். அவள் எதிரில் உட்கார்ந்து என் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேநீரை எடுக்கவே இல்லை.

"சரியா வந்தா," என்றாள், "நானே உளிகிட்ட பேசலாம்னு பாக்கறேன். நம்பர் உன்கிட்ட இருக்கு இல்ல?"

நான் மறுபடி முதலிலிருந்து போட்டுப் பார்த்தேன், அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வரக்கூடாது என்று. ஏழு குறிப்புகள், ஒன்றுகூட வீண் இல்லை. எதை எடுத்தாலும் இடிந்துவிடும், எதையும் சேர்க்கத் தேவையில்லை. விடை ஒன்றே ஒன்றுதான். அவள் செய்ததிலேயே இதுதான் சிறந்தது என்று நான் உங்களுக்கு உறுதியாகச் சொல்வேன். இந்த விஷயத்தில் என் பேச்சை நீங்கள் நம்பலாம்.

"ரெண்டு வருதுக்கா" என்றேன்.

எங்கே என்று அவள் கேட்கவில்லை. "நெனச்சேன்" என்றாள். அட்டையை மடித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். நான் ஆறிப்போன தேநீரைக் கொட்டிவிட்டுத் துணி துவைக்கப் போனேன்.

இவ்வளவுதான் நடந்தது. எதையும் விடவில்லை. என்மேல் உங்களுக்குக் கோபம் வரும், வரட்டும். நேரில் புறப்பட்டு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வராதீர்கள். அவள் இப்போது யாரையும் பார்க்கிற நிலையில் இல்லை. புது முகம் பார்த்தால் மிரண்டுபோவாள். சாப்பாடு, மாத்திரை, தூக்கம் எல்லாம் நேரத்துக்கு நடக்க வேண்டும், பக்குவமாக நடந்துகொள்ள வேண்டும், எல்லாருக்கும் அந்தப் பொறுமை இருக்காது. அவளைத் தனியாக விடவும் முடியாது. நீங்களே சொல்லுங்கள், உளி அண்ணா, பாவம், என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?